சிக்கிய கதையும் சில கைகாரர்களும்

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் இரண்டு ரகம். மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுகிறது, குளிக்கத் தடை என்று போலீஸ் மறித்ததும் வெளியூர்க்காரர் அங்கேயே நின்று புலம்புவார். தென்காசிக்காரர் புலம்ப மாட்டார். ஐந்தருவியை எட்டிப் பார்ப்பார். அங்கும் தடையென்றால் புலியருவி. அதுவும் இல்லையா, ஒரு டீயைக் குடித்துவிட்டுக் காத்திருந்து, ராத்திரி வேகம் தணிந்ததும் விளக்கு வெளிச்சத்தில் ஆற அமரக் குளித்துவிட்டு வீடு திரும்புவார். வீடியோ கேமில் பழுதாகி நின்றுபோன சைடு குவெஸ்ட்டை, அதாவது கிளைக்கதையை, கடந்துபோகிறவர்களின் கைப்பழக்கமும் இதே ரகம்தான். எனக்கு அது ஒரு கலையாகவே படுகிறது.

ஓப்பன் வேர்ல்டு விளையாட்டில் ஊரார் அவரவர் நேரத்துக்கு எழுகிறார்கள், கடை திறக்கிறார்கள், தூங்குகிறார்கள். நாமோ எந்த வேளையிலும் எந்தத் தெருவிலும் நுழையலாம். ஆளைக் கொல்லலாம், வீடு வாங்கலாம். அந்தச் சுதந்திரத்தில்தான் பிழை முட்டையிடுகிறது. 2011 நவம்பர் 11 அன்று வெளிவந்த ஸ்கைரிம் என்ற விளையாட்டில் 'பிளட் ஆன் தி ஐஸ்' என்றொரு கிளைக்கதை. விண்ட்ஹெல்ம் என்ற பனி நகரத்தில் பெண்கள் கொலையாகிறார்கள். நாம் துப்பறிய வேண்டும். கதை தொடங்கவே அந்த நகரத்துக்குள் நாலாவது தடவையாக, அதுவும் இரவில், நாம் நுழைந்தாக வேண்டும். பிறகு காவலன் பேச வேண்டும், ஹ்யெரிம் என்ற காலி வீடு திறக்க வேண்டும், குறித்த இரவில் கொலைகாரன் சந்தைப் பக்கம் வந்து சேர வேண்டும். இடையில் வேண்டிய ஆள் ஒருவர் வேறெங்கோ செத்துத் தொலைந்திருந்தால் சங்கிலி அறுந்தது. அந்த வீட்டைக் காசு கொடுத்து வாங்கியும், போகாத ரத்தக்கறையோடு குடித்தனம் நடத்தியவர்கள் உண்டு.

கத்துக்குட்டி என்ன செய்வான்? கம்ப்யூட்டரில் கன்சோல் என்ற கட்டளைப் பெட்டியைத் திறந்து, 'செட்ஸ்டேஜ்' கட்டளை போட்டு ஒரே தாவலில் கடைசிப் படிக்குப் போய்விடுவான். கதை உள்ளுக்குள் எண் போட்ட படிகளாகத்தான் இருக்கிறது. ஆனால் படிக்குப் படி வேலை எழுதி வைத்திருப்பார்கள்: இன்னாரை இங்கே கொண்டுவா, இந்தக் கதவைத் திற, அந்தப் பொருளை அகற்று. தாண்டிக் குதித்தால் அவையெல்லாம் நடக்காமலே போகும். குறிப்பேட்டில் கதை முடிந்திருக்கும், ஊரில் முடிந்திருக்காது.

கைகாரன் முதலில் நாடி பிடிப்பான். வரவேண்டிய ஆள் செத்தாரா, சுவரில் சிக்கினாரா, இல்லை நாம்தான் நேரம் தப்பி வந்தோமா? ஊருக்கு வெளியே போய், விளையாட்டுக் கணக்கில் பத்து நாளைப் போக்கிவிட்டு வருவான். பல இடங்கள் அதற்குள் தாமாகப் பழைய நிலைக்கு மீண்டிருக்கும். இடுக்கில் மாட்டியவரை 'ஃபுஸ் ரோ டா' என்று கத்தித் தள்ளிப் பார்ப்பான். மரியாதை இல்லாத வைத்தியம், ஆனால் பலிக்கும். எதுவும் நடக்காவிட்டால்தான் கன்சோல். அப்போதும் காணாமல்போன ஒருவரைப் பக்கத்தில் வரவழைக்க ஒரே ஒரு கட்டளை. மிச்சத்தைக் கதையே பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் ஒரு கட்டளை கூடினாலும் எனக்கு ருசிப்பதில்லை. பிளேஸ்டேஷனில் ஆடுகிறவனுக்கு அந்த ஒன்றும் கிடையாது. பழைய சேவ்களை அடுக்கி வைத்திருந்து, எங்கே அறுந்தது என்று பின்னோக்கி நடந்து கண்டுபிடிக்கிறானே, அவன் இன்னும் ஒரு படி உசத்தி.

இவர்களுக்கெல்லாம் மேலே இருப்பவர்கள் 'அன்அஃபீஷியல் பேட்ச்' என்ற ரசிகர் திருத்தத் தொகுப்பை எழுதியவர்கள். சம்பளமில்லாமல், வருஷக்கணக்காக, ஆயிரம் சில்லறைப் பழுதுகளை ஒட்டியவர்கள். அவர்களை நினைத்தால் எனக்குத் தென்காசி காசி விஸ்வநாதர் கோயில்தான் ஞாபகம் வரும். 15-ஆம் நூற்றாண்டில் அதைக் கட்டிய பராக்கிரம பாண்டியனின் பாட்டு ஒன்று அங்கே கல்லில் இருக்கிறது. இந்த ஆலயத்துக்கு ஏதும் குற்றம் நேர்ந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் எவராயிருந்தாலும் உலகறிய அவரைப் பணிகிறேன் என்கிறான். கட்டியவன் கையாலேயே, இன்னும் பிறக்காத பழுது பார்ப்பவனுக்கு ஒரு கும்பிடு.

கும்பிடு வாங்கியவர்களும் எல்லை மீறுவதுண்டு. பிழையில்லாததையும் அந்தப் பேட்ச் மாற்றிவிட்டது என்று ஆடுகிறவர்களிடையே பெரிய சண்டை. நமக்கு இது புதிதில்லை. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் இருந்துகொண்டு கம்பன் பாடல்களில் இடைச்செருகல் என்று பட்டதைத் தள்ளினார், சொற்களையும் திருத்தினார்; புலவர்கள் சும்மா விடவில்லை. நான் பாதி டி.கே.சி. பக்கம், பாதி புலவர்கள் பக்கம்.

தலைமுறை கணக்கில் மொட்டையாக நின்ற தென்காசிக் கோபுரம் 1990-இல் ஒன்பது நிலையோடு எழுந்து குடமுழுக்கு கண்டது. அதன் வாசலில் நுழைந்தால் காற்று முதலில் எதிரே நின்று நம்மை வெளியே தள்ளும். பாதி தாண்டியதும் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளும். நல்லவேளை, திருப்பணி செய்தவர்கள் யாரும் அதைப் பழுதென்று நினைத்துச் சரிசெய்துவிடவில்லை.