எல்லை தாண்டும் நிரல்

சாமராஜநகரிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் பேருந்தில், புணஜனூர் சோதனைச்சாவடியைக் கடந்த மாத்திரத்தில் நடத்துநரின் பேச்சு கன்னடத்திலிருந்து தமிழுக்கு மாறினாலும், தோளில் தொங்கும் பையும் கட்டணக் கணக்கும் மாறுவதில்லை. ஸி மொழியில் எழுதிய ஒரு நிரல் நூலகம் பல இயங்குதளங்களில் இயங்கும் சூட்சுமமும் ஏறக்குறைய இதுவே.

இந்த வித்தைக்கு உத்தமமான உதாரணமாக நான் கருதுவது, ஜான்-லூப் காய்லியும் மார்க் ஆட்லரும் இயற்றி 1995இல் வெளியிட்ட ஸீலிப் என்னும் தரவுச் சுருக்க நூலகம். அதன் ‘ஸீகான்ஃப்’ என்ற தலைப்புக் கோப்பைத் திறந்தால், டாஸ், விண்டோஸ் முதலியவற்றின் விசித்திரங்கள் பல அங்கே நிபந்தனை வரிகளுக்குள் கட்டுண்டு கிடப்பதையும், ‘யூலாங்’ என்னும் எண்வகையின் பக்கத்தில், அது குறைந்தது 32 பிட் இருக்கும் என்று மட்டும் அடக்கத்தோடு குறித்திருப்பதையும் காணலாம். அந்த அடக்கம் அநாவசியமன்று: அதற்கு அடிப்படையான ‘லாங்’ எண்வகை 64 பிட் லினக்ஸில் எட்டு பைட்டாகவும், அதே கணினியில் 64 பிட் விண்டோஸை ஏற்றினால் நான்கு பைட்டாகவும் அமைவதால், எங்கும் எட்டென்று நம்பி எழுதியவன் பெரிய கோப்பொன்றின் நடுவே திசை தடுமாறிப் போவான்.

பெயர்களிலோ வேறு விபரீதம். யூனிக்ஸின் ‘ஸ்லீப்’ என்னும் செயற்கூறு வினாடிக் கணக்கில் உறங்கும். முதலெழுத்து மட்டும் பெரிதாயுள்ள விண்டோஸின் ‘ஸ்லீப்’ மில்லிவினாடிக் கணக்கில் உறங்கும். ஆகவே பத்து வினாடி ஓய்வை உத்தேசித்து வெறும் பத்தென்று எழுதியவனுக்கு அங்கே கண் அயரவும் அவகாசமில்லை. 1999ஆம் ஆண்டின் ஸி தர நிர்ணயம் அளவு நிலையான எண்வகைகளை வழங்கி, பைட்டுச் சங்கடத்தைப் பெரிதும் தீர்த்தது. உறக்கச் சங்கடத்தை அது தொடவேயில்லை.