ஓட்டுப்பட்டையும் புதுக்கோலமும்

ஒரு நாளின் செய்திகளுள் எது முன்னே நிற்கத் தக்கது, எது பின்னே ஒதுங்கத் தக்கது என்று தீர்மானிக்கும் அதிகாரம் நெடுங்காலம் பத்திரிகாசிரியரின் மேசையிலேயே இருந்து வந்தது. அவருடைய கல்விக்கும் மனச்சாட்சிக்கும், சில வேளைகளில் அவருக்குச் சம்பளம் தரும் முதலாளியின் அபிப்பிராயத்துக்கும் கட்டுப்பட்டே வாசகன் உலகத்தைப் பார்த்தான். அந்த அதிகாரத்தை வாசகர்களிடமே பகிர்ந்தளித்து, பலர் விரும்பி வாக்களிக்கும் செய்தியை முகப்பில் ஏற்றி வைக்கும் ஏற்பாடு, 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த டிக் என்னும் அமெரிக்கத் தளத்தின் வாயிலாகப் பிரசித்தி பெற்றபோது, அதை ஜனநாயகத்தின் புதிய வெற்றியென்று பலர் வரவேற்றனர். அந்த வரவேற்பில் நியாயம் இருந்தது. ஆயினும் இத்தகைய தளத்தின் உண்மையான இயல்பை அறிய விரும்புகிறவர், அதன் உரிமையாளர் அதன் உருவத்தை மாற்றியமைத்த காலத்தையே கூர்ந்து நோக்க வேண்டும். வாக்களித்துப் பழகியவர்கள் அம்மாற்றத்துக்கு எங்கே இணங்கினர், எங்கே இணங்க மறுத்தனர் என்பதில்தான் அவ்வேற்பாட்டின் வலிமையும் குறையும் ஒருங்கே புலனாகின்றன.

தமிழர் இம்முயற்சியில் பின்தங்கியிருக்கவில்லை. காசி ஆறுமுகம் 2004-இல் தொடங்கிய தமிழ்மணம் என்னும் திரட்டி, உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழ்ப் பதிவுகளை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டியது. பின்னாளில் ஒவ்வோர் இடுகையோடும் அமைந்த ஓட்டுப்பட்டையின் வழியே வாசகர் வாக்களிக்க, ஏழு வாக்குப் பெற்ற இடுகை ‘வாசகர் பரிந்துரை’ என்ற பகுதிக்கு ஏறியது. டிக்கின் முறையைப் பெரிதும் தழுவி எழுந்த தமிழிஷ், 2010-இல் இன்ட்லி என்று பெயர் மாறிய தளம், வாக்குச் சேர்ந்த இடுகையை முகப்பில் வைத்ததோடு, அது பிரபலமாயிற்றென்று எழுதியவருக்கு மின்னஞ்சலும் அனுப்பியது. படித்தவர் தமிழ்மணத்தில் தாம் வாக்களித்ததைப் பின்னூட்டத்தில் ‘த.ம. 1’ என்றும் ‘த.ம. 2’ என்றும் குறித்துவிட்டுப் போவது அக்காலத்து மரியாதை. அச்சு இதழ்களில் ஒரு வரியும் வெளிவராத மனிதர்கள், எந்த ஸ்தாபனத்தின் தயவும் இன்றி, தம் எழுத்து நூறு பேரால் படிக்கப்பட்டதென்ற திருப்தியை இதனால் அடைந்தனர். இது சிறிய பிரயோசனமன்று.

வாசகர் வாக்குக்கு உரிமையாளரையே பணிய வைக்கும் சக்தியும் ஒரு காலத்தில் இருந்தது. 2007-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், உயர்தரத் திரைப்படத் தட்டுகளின் பூட்டைத் திறக்கும் இரகசிய எண்ணைத் தாங்கிய செய்திகளை டிக் நிர்வாகம் நீக்கத் தொடங்கியபோது, வாசகர்கள் அதே எண்ணை மீண்டும் மீண்டும் இட்டு வாக்களித்து முகப்பை நிரப்பிவிட்டனர். தளத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான கெவின் ரோஸ், வழக்கு வருமென்று அறிந்தும், வாசகர் பக்கமே நிற்பதாக அன்றிரவே அறிவிக்க நேர்ந்தது. அந்த எண்ணைப் பரப்பியது சட்டப்படி சரியா என்பது வேறு விவாதம். வாக்கு என்பது வெறும் அலங்காரப் பொத்தானன்று, அதற்குப் பின்னால் ஒரு ஜனசமூகத்தின் சித்தம் இருக்கிறது என்பது அன்று ஐயமின்றி விளங்கியது.

மூன்றாண்டுகள் சென்றன. 2010 ஆகஸ்ட் 25 அன்று டிக் தன் நான்காம் வடிவத்தை வெளியிட்டது. நிறமும் எழுத்தும் பொத்தான்களின் இருப்பிடமும் மாறியதைப் பற்றிய முணுமுணுப்பு எந்த மாற்றத்திலும் எழுவது; அது சில வாரங்களில் அடங்கியிருக்கும். உள்ளே நிகழ்ந்த மாற்றமே விபரீதமானது. தகாத செய்தியைப் புதைக்கும் எதிர்வாக்கு நீக்கப்பட்டது. புதிதாக வந்து வாக்குக்குக் காத்திருக்கும் செய்திகளின் பட்டியல் அகற்றப்பட்டது. பெரிய செய்தி நிறுவனங்கள் தம் செய்திகளை மனிதக் கை படாமலே தாமாக வந்து விழச் செய்யும் சௌகரியம் பெற்றன. தளமோ அடிக்கடி செயலற்று நின்றது. வாசகர்கள் தம் எதிர்ப்பைத் தமக்கு எஞ்சியிருந்த ஒரே கருவியால், அந்த வாக்காலேயே, தெரிவித்தனர்: போட்டித் தளமான ரெடிட்டின் செய்திகளுக்கே வாக்களித்து டிக்கின் முகப்பை நிறைத்துவிட்டு, ஆகஸ்ட் 30-ஐ விலகும் நாளென்று குறித்துக் கூட்டம் கூட்டமாக வெளியேறினர். அவ்வாண்டு அக்டோபரில் ஊழியருள் 37 சதவீதத்தினர் நீக்கப்பட்டனர். 2012 ஜூலையில் பீட்டாவொர்க்ஸ் என்னும் நிறுவனம் டிக்கை வாங்கியபோது, அதன் பழைய மதிப்பில் மிகச் சிறு பங்குதான் விலையாகக் கிடைத்தது.

பட்டுத்தறியின் ஊராகிய ஆரணியில் வாழ்பவனுக்கு இதைத் தறியோடு ஒப்பிட்டு எண்ணத் தோன்றுவது இயல்பு. தறியின் மேலே நூற்கயிறுகளைக் கட்டி, உதவியாள் ஒருவர் இழுத்துக் கொடுக்கப் பூவேலை செய்த பழைய முறையை விலக்கிக்கொண்டு, துளையிட்ட அட்டைகளால் இயங்கும் ஜக்கார்டு பெட்டி வந்தபோது, நெசவாளரின் பழக்கம் வெகுவாக மாறியது. குழித்தறியில் அமர்ந்தவர் இப்போது மிதியை அழுத்த, அட்டையின் துளை எந்தப் பாவிழை எழும்ப வேண்டுமென்று சொல்கிறது. ஆனால் நாடாவை விடும் தாளமும், ஊடையை நெருக்கிப் பலகையை அடிக்கும் அழுத்தமும், அறுந்த இழையைக் கண்டவுடன் தறியை நிறுத்தி முடிந்து சேர்க்கும் கண்ணும் அவரிடமே தங்கின. துணியில் பிழை விழுந்தால் அதை முதலில் காண்பவரும் திருத்துபவரும் அவரே. அவருடைய பாரம் குறைந்தது, அவருடைய தீர்ப்பு அவரைவிட்டு நீங்கவில்லை. டிக்கில் நடந்தது இதற்கு நேர்மாறு. பொத்தானை அமுக்கும் வேலை வாசகனிடமே விடப்பட்டது, தீர்ப்பு மட்டும் அவன் கையிலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு புதுக்கோலத்துக்கு இணங்குவதா மறுப்பதா என்பதை அளக்க இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

இவ்வாறு சொல்வதால், வெளியேறியவர்கள் காத்து நின்ற பழைய ஏற்பாடு குற்றமற்றதென்று ஆகிவிடாது. பழைய டிக்கின் முகப்பை ஒரு சிறு கூட்டத்தார் ஆண்டனர் என்பதும், தமக்கு ஒவ்வாத அரசியல் செய்திகளைக் கூட்டாகச் சேர்ந்து புதைத்த குழுக்கள் இருந்தன என்பதும் பொய்யல்ல. நம் திரட்டிகளிலும், நண்பர் எழுதினார் என்பதற்காகவே படிக்குமுன் வாக்கிடுவதும், எனக்கு நீ, உனக்கு நான் என்ற கைம்மாறும், ‘கள்ள ஓட்டு’ என்ற குற்றச்சாட்டும், ‘மைனஸ் ஓட்டு’ப் போட்டவர் யாரென்ற சச்சரவும் ஓயாமல் இருந்தன. ஏழே வாக்கில் ஏறிவிடலாம் என்ற எல்லையில் பட்சபாதம் நுழைவது எளிது. ஏழு நண்பர்கள் இல்லாதவனுக்கு இலக்கியமும் இல்லையென்ற நிலை அங்கே பிறந்துவிடுகிறது.

நண்பர் கூட்டத்தை விலக்கினாலும் குறை முற்றும் தீர்வதில்லை. 2013-இல் சயன்ஸ் ஆய்விதழில் வெளிவந்த ஒரு பரீட்சையில், குலுக்கல் முறையில் தேர்ந்த கருத்துகளுக்கு ஒரு பொய்யான ஆதரவு வாக்கை முதலில் இட்டு வைத்தபோது, அவற்றின் இறுதி மதிப்பு சராசரியாக 25 சதவீதம் உயர்ந்தது. பின்னால் வந்தவர் முன்னால் வந்தவரின் காலடியைப் பார்த்தே நடந்தார் என்பது இதன் பொருள். ரெடிட் நெடுங்காலம் பயன்படுத்தி வந்த, அது தானே வெளியிட்ட கணக்கின்படி, முதல் 10 வாக்குகள் தரும் ஏற்றமும் அதன்பின் வரும் 90 வாக்குகள் தரும் ஏற்றமும் சமம். இக்கணக்குக்கு ஒரு நியாயம் உண்டு: பழைய செய்தி தன் வாக்குக் குவியலின் மேல் அமர்ந்து முகப்பைவிட்டு இறங்காமலிருப்பதை அது தடுக்கிறது. ஆனால் முதல் நாழிகையில் திரைக்கு முன் இருப்பவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். கர்நாடகத்தின் ராமநகரச் சந்தையில் பட்டுக்கூட்டின் விலை ஏறிய செய்தி ஆரணிக்கும் தேவிகாபுரத்துக்கும் அடுத்த மாதத்துக் கூலியையே அசைக்கவல்லது. அச்செய்தி வெளிவரும் முற்பகலில், அதனால் பாதிக்கப்படுகிறவர் இரு கைகளும் இரு கால்களும் தறியில் இருக்க உட்கார்ந்திருக்கிறார். அவர் மாலையில் கைப்பேசியைத் திறக்கும்போது அது கீழே இறங்கி மறைந்திருக்கும். நடிகர் ஒருவரின் திருமணச் செய்தியே மேலே இருக்கும். ஓய்வுள்ளவரின் வாக்கே முன்னே எண்ணப்படும் ஏற்பாட்டைச் சமத்துவம் என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை.

இணங்குதலின் நல்ல முகத்தையும் தமிழ்ப் பதிவுலகம் காட்டியிருக்கிறது. 2012-இன் தொடக்கத்தில் கூகுள் நிறுவனம் பிளாக்கர் பதிவுகளின் முகவரியை நாட்டுக்கு நாடு மாற்றி, இந்தியாவில் ‘.காம்’ என்றிருந்ததை ‘.இன்’ ஆக்கியபோது, பழைய முகவரியை நம்பியிருந்த ஓட்டுப்பட்டைகள் வேலை செய்ய மறுத்தன. அதற்காகக் கூட்டமாக எவரும் வெளியேறவில்லை. பழைய முகவரிக்கே திருப்பிவிடும் சில நிரல்வரிகளை அறிந்தவர் எழுதிக் கொடுக்க, கணினி நுட்பம் அறியாத கவிஞரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும், வார்ப்புருவில் எந்த வரிக்குக் கீழே அதை ஒட்ட வேண்டுமென்று ஒருவருக்கொருவர் படம் போட்டுக் காட்டிக் கற்றுக்கொண்டனர். வசதி கெட்டது, உரிமை கெடவில்லை. ஆகவே உழைத்துச் சீர்செய்துகொள்ள மனம் வந்தது. ரெடிட் 2018-இல் தன் தோற்றத்தை அடியோடு மாற்றியபோது பழைய தோற்றத்தையும் தனி முகவரியில் விட்டுவைத்தது இதனாலேயே விவேகமான செயல். இரண்டு உருவங்களைக் காப்பது செலவு மிகுந்த காரியந்தான். பழகியவரை அவமதிக்காமல் புதியவரை அழைத்துக்கொள்ள அச்செலவு தகும்.

இப்போது திரட்டிகளின் காலம் தாழ்ந்து, நம் ஊரில் செய்தி வாட்ஸாப் குழுக்களின் வழியே வருகிறது. அங்கே செய்தியைத் தரம்பிரிக்கும் வாக்கில்லை, வரிசையில்லை, பொய்யைக் கீழே இறக்க வழியுமில்லை. அனுப்பியவர் யாரென்பது ஒன்றே தராதரம். ஆகையால் வாக்கிட்டுச் செய்தியைத் தேர்ந்தெடுக்கும் முறை தமிழில் மீண்டும் எழ வேண்டுமென்றே நான் விரும்புகிறேன். அது எழும்போது, வாக்குகளை எடையிடும் கணக்கு எவரும் படிக்கும்படி தளத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். அக்கணக்கை மாற்ற நினைக்கும் நிர்வாகம் வாக்களிப்போரிடம் முன்கூட்டியே காரணம் சொல்ல வேண்டும். மாலையில் வரும் நெசவாளருக்கு, அவர் ஊரையும் தொழிலையும் தொட்ட செய்திகள் முற்பகலின் வாக்குகளால் புதைந்துவிடாமல் ஒரு தனி வரிசையில் காத்திருக்க வேண்டும். எதிர்வாக்கும் இருக்க வேண்டும் என்பதே என் கட்சி. டிக்கில் அது கூட்டுச் சதிக்கு இடம் தந்தது உண்மை. ஆனால் மறுக்கும் உரிமையற்ற வாக்கு பாதி வாக்கே. மறுப்பவர் தம் பெயரையும், பொய்ச் செய்தியென்றோ பழைய செய்தியென்றோ ஒரு காரணத்தையும் அதனருகே இட்டுச் செல்லும்படி அமைத்தால், ‘மைனஸ் ஓட்டு’ இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரும். அதை இடுபவருக்கும் பொறுப்பு வரும்.