‘பங்களா’ என்னும் சொல்: பிரெஞ்சுக் குறும்புதினம் ஒன்றைத் திரிங்காப்பிலிருந்து வாசித்தல்

எரிக்-இமானுவேல் ஷ்மிட் பிரெஞ்சு மொழியில் எழுதி 2001இல் வெளிவந்த ‘திருவாளர் இப்ராகிமும் குர்ஆனின் மலர்களும்’ என்னும் பொருள்படும் தலைப்புடைய குறும்புதினத்தில், சிறுவன் ஒருவன் முஸ்லிம் குடியேறியைப் பெரியவர்களின் கண்கொண்டு பார்க்க முன்னரே கற்றிருக்கின்றான். 1960களின் பாரிஸ் நகரம். மோய்சே என்னும் யூதச் சிறுவன் மளிகைக் கடையில் டின் உணவுகளைத் திருடுகின்றான். கடைக்காரர் அரபிதானே என்று தன்னைத் தேற்றிக்கொள்கின்றான். இப்ராகிம் உண்மையில் அரபியர் அல்லர். அத்தெருவில் ‘அரபி’ என்பது இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்கும் கடையைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. ஓர் இனத்தின் பெயர் ஒரு வேலையின் பெயராகத் தேய்ந்துவிடும் இந்நுட்பமே இப்படைப்பின் வலிமை என்று கருதுகின்றோம்.

அதற்குப் பின்வரும் பகுதிகள் அத்துணை வலிமையுடையன அல்ல. இப்ராகிம் ஞானியாகின்றார், திருட்டை மன்னிக்கின்றார், இறுதியில் சிறுவனைத் தத்தெடுக்கின்றார். வெறுப்புக்கு ஆளானவர் அளவிறந்த நற்குணத்தால் தம்மை மெய்ப்பிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இதனுள் ஒளிந்துள்ளது. 2003இல் வெளியான திரைப்படத்தில் ஓமர் ஷெரீப்பின் கனிந்த முகம் இவ்வெதிர்பார்ப்பை மேலும் இனிமையாக்கிவிட்டது. நற்குணம் இல்லாத, எரிந்துவிழும் ஒரு மளிகைக்காரரைச் சிறுவன் எவ்வாறு மதிக்கக் கற்பான் என்ற வினாவைப் புதினம் தொடவேயில்லை.

இவ்வினாவைக் கேமரன் மலைக்குக் கொண்டுவருவோம். போ நிறுவனம் 1929இல் இங்குத் தேயிலை பயிரிடத் தொடங்கிய காலம்தொட்டு நெடுங்காலம் கொழுந்து பறித்தவர் பெரும்பாலும் தமிழர். இன்று தேயிலைத் தோட்டங்களிலும், திரிங்காப், கோலத்தெர்லா வட்டாரத்துக் காய்கறிப் பண்ணைகளிலும் வங்காளதேசத்தார் உள்ளிட்ட அயல்நாட்டுத் தொழிலாளர் உழைக்கின்றனர். வங்காளதேசத் தொழிலாளரைக் குறிக்க மலேசியப் பேச்சுவழக்கில் நிலைத்துவிட்ட சொல் ‘பங்களா’. பஞ்சாபியரையே ‘வங்காளி’ என்றழைத்துப் பழகியவர்கள் நாம். பெயரிடுவதில் நமக்கு என்றும் அவசரம்தான்.

தோட்டத்தில் வளர்ந்தோர்க்குப் ‘பங்களா’ புதிய சொல்லன்று. அது துரை குடியிருந்த வீடு. லயத்துப் பிள்ளைகள் நெருங்க அஞ்சிய இடம். வங்காளத்துப் பாணி வீடு என்னும் பொருளிலிருந்தே அச்சொல்லும் பிறந்தது. ஒரே வேர்ச்சொல் ஒரு காலத்தில் தோட்டத்தின் உச்சியைக் குறித்தது. இன்று அதன் அடித்தட்டைக் குறிக்கின்றது. திரிங்காப்பில் ஒரு சிறுவன், “துரை பங்களாவில் இருந்தவங்களும் பங்களாதானா?” என்று கேட்டபோது உடனிருந்த பெரியவர்கள் சிரித்தனர். இரண்டாவது சொல்லை மட்டும் எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்பதை அச்சிரிப்பிலிருந்து அவன் கற்றிருக்கக் கூடும்.

ஐரோப்பியச் சூழலை அப்படியே இங்குப் பொருத்துதல் தவறாகும். அங்கு முஸ்லிம் குடியேறி சிறுபான்மையர்; இங்கு இஸ்லாம் கூட்டரசின் சமயம். எனினும் பெரும்பான்மையினரோடு சமயத்தால் ஒன்றுபட்டிருத்தல் அவர்க்கு அரணாகவில்லை. 2020 ஏப்ரலில், கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில், ரொகிங்கியா அகதிகள் மீது மலேசிய இணையவெளியில் பொங்கிய வெறுப்பே சான்று. தமிழரிடையே சமயக் காழ்ப்பு இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆயினும் தோட்டப்புறத்தில் நாம் மிகுதியும் கேட்பது கூலி பற்றிய பேச்சே: ‘அவன் வந்தான், சம்பளம் ஏறவில்லை.’ இக்குறையில் உண்மை உண்டு. ஆனால், மலிவான உழைப்பைத் தேடியவர் முதலாளி. பழி வந்தவர்மீது விழுகின்றது. கங்காணி முறையில் வந்திறங்கிய நம் பாட்டன்மாரும் மலிவான உழைப்பாகவே அழைத்துவரப்பட்டனர். ‘கெலிங்’ என்ற இழிசொல்லையும் சுமந்தனர்.

கா. பெருமாளின் ‘துயரப்பாதை’ முதலாகத் தோட்டத் துயரை எழுதிய மரபு நமக்கு உண்டு. அம்மரபில் துன்புறுவோர் நாமே. லயத்துச் சிறுவன் தனக்குக் கீழே வைக்கப்பட்ட ஒருவரை நோக்கும் கதை நாம் வாசித்தவரையில் கிட்டவில்லை.

ஷ்மிட்டின் முடிவில் மோய்சே கடைக்கு உரிமையாளனாகி, தெருவார் கண்ணில் தானே ‘அரபி’ ஆகின்றான். இங்கு அத்தகைய இடமாற்றத்திற்கு வழியில்லை. தற்காலிக வேலை அனுமதியில் வருபவர் குடும்பத்தை அழைத்துவரலாகாது. இந்நாட்டில் மணம் புரியவும் தடை. அல்ஜீரியக் குடியேறியின் மகனான அசூஸ் பெகாக், லியோன் நகர்க் குடிசைப்பகுதியில் கழிந்த தம் பிள்ளைப்பருவத்தை 1986இல் புதினமாக்க முடிந்தது. பிரெஞ்சு வகுப்பறையில் அவர் ஒரு மாணவராக அமர்ந்திருந்தார். திரிங்காப்புச் சிறுவனுக்கு அத்தகைய வகுப்புத் தோழன் வாய்ப்பது அரிது. அவன் காண்பவர் மருந்துத் தெளிப்பானைத் தோளில் சுமந்து செல்லும் வளர்ந்த ஆடவர் மட்டுமே. அவர்களைப் பற்றி அவன் அறிவதெல்லாம் பெரியவர் வாய்ச்சொல்லே.