வலி மாத்திரையும் பதித்த பல்லும்

பல் இழந்த இடத்தில், தாடையெலும்பில் டைட்டேனியத் திருகைப் பதித்து அதன்மேல் செயற்கைப் பல் பொருத்துவதை நீங்கள் அறிவீர்கள். எலும்பு வளர்ந்து அத்திருகை இறுகப் பற்றினால்தான் பல் நிலைக்கும். அதற்குச் சில மாதங்கள் ஆகும். திருகு பதித்ததும் வலி தணிய ஐபுபுரோஃபன் போன்ற மாத்திரைகளைத் தருவதுண்டு. இம்மாத்திரை எலும்பு வளர்வதையே கெடுத்துவிடும் என்றொரு பேச்சு இருக்கிறது. அதற்குள்ள ஆதாரங்களைச் சற்று உரசிப் பார்ப்போம்.

ஐயம் வெறும் கற்பனையன்று. ஆஸ்பிரின் வகை மருந்துகள் உடலில் புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுக்கின்றன என்று 1971-ல் ஜான் வேன் காட்டினார். வலிக்கும் வீக்கத்துக்கும் காரணமான இப்பொருள், எலும்பு ஆறுவதற்கும் வேண்டியிருக்கிறது. இதை உண்டாக்கும் காக்ஸ்-2 நொதியைத் தடுத்தபோது எலிகளின் முறிந்த எலும்பு சரிவரக் கூடவில்லை என 2002-ல் ஆய்வுகள் வெளியாயின. ஆனால் எலியின் கால் எலும்பு மனிதத் தாடையன்று. வாரக்கணக்கில் ஊட்டிய மருந்தும் சில நாள் மாத்திரையும் ஒன்றல்ல.

மனிதரிடம்? 2016-ல் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், திருகு எலும்போடு சேராமற்போன 104 பேரின் பழைய குறிப்புகளைப் புரட்டினார்கள். அவர்களுள் 60 பேர் இவ்வகை மாத்திரை உண்டவர்கள். மாத்திரைக்கும் தோல்விக்கும் தொடர்பிருக்கலாம் என்பது கட்டுரையின் முடிவு. என் மனக்குறை இங்கேதான். மின்னழுத்தம் கூடினால் பல்பு கெடுமா என்றறிய, ஃபியூஸான பல்புகளை மட்டும் பொறுக்கி வரும் மாணவனுக்கு நான் மதிப்பெண் தரமாட்டேன். ஒழுங்காக எரியும் பல்புகள் எங்கே? மேலும், மாத்திரை விழுங்கியவர்கள் கடினமான அறுவையால் அதிகம் வலித்தவர்களாகவும் இருக்கலாமல்லவா? அப்படியானால் குற்றவாளி மாத்திரையா, அறுவையா?

2009-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு இதைவிட நேர்த்தியானது. 61 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு 600 மில்லிகிராம் ஐபுபுரோஃபன் தினம் 4 வேளை, 7 நாள் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 3 மாதத்திலும் 6 மாதத்திலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், திருகின் ஓரத்து எலும்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதையும் தலையில் தூக்கி வைக்க வேண்டாம். திருகு தோற்பது அரிது. அரிய நிகழ்ச்சியை அளக்க 61 பேர் போதாது. மாதக்கணக்கில் இம்மருந்து உண்ணும் மூட்டுவலிக்காரரைப் பற்றி இவ்வாய்வு எதுவும் சொல்லவில்லை.

அரைகுறைச் செய்தியால் வரும் ஆபத்து வேறு. இதயநோய்க்காகத் தினமும் சிறிதளவு ஆஸ்பிரின் உண்பவர், பல் பதிக்கப் போகிறோமே என்று தாமாகவே அதை நிறுத்தினால் இரத்தக்குழாயில் அடைப்பு ஏற்படக்கூடும். உங்கள் வீட்டில் அப்படி யாரேனும் இருந்தால், பல் மருத்துவரையும் இதய மருத்துவரையும் கேட்காமல் ஒரு வேளையும் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.