சித்தியாரும் உரைவேற்றுமையும்

மெய்கண்ட தேவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்களால், நாற்பதே அடிகளால் இயன்றது. அதற்கு வார்த்திகமும் அவரே வகுத்தார். அவர்தம் மாணாக்கராகிய அருணந்தி சிவாசாரியார் அப்பொருளை விருத்தத்தால் விரித்து, பரபக்கம் சுபக்கம் என்னும் இரு கூற்றதாகிய சிவஞான சித்தியாரை இயற்றினார். வழிநூல் எழுந்தமையால் ஐயம் ஒழிந்ததோ எனின், ஒழிந்திலது. சுபக்கத்திற்கு மட்டும் அறுவர் உரைகள் வழங்குகின்றன. அவை யாண்டும் ஒருமுகப்பட்டன அல்ல.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஞானப்பிரகாசர், முத்தியில் ஆன்மா சிவத்தோடு சமமாம் என்னும் கொள்கைக்கு இயையப் பொருள் கண்டார். அவர் சிவாகமங்களில் ஆழ்ந்த பயிற்சியுடையவர். அவ்வுரையை அறியாமையால் விளைந்ததென்று தள்ளுதல் எளிதன்று. 1785-இல் சிவபதமெய்திய திருவாவடுதுறைச் சிவஞான முனிவரும் அவ்வாறு தள்ளினாரல்லர். சிவசமவாதவுரை மறுப்பு என ஒரு தனிநூலே செய்தார். ஐந்தொழில் முதல்வனுக்கே உரியது. முத்தான்மா இன்பத்தை நுகர்வதன்றி அளிப்பதன்று. இருவரும் ஒப்பாயின் அடிமைத்திறம் எங்ஙனம் நிலைபெறும்? முனிவர் பக்கமே வலியுடைத்து. ஆயினும் அவர் சொல் சில இடங்களிற் கடுமையாயிருத்தலை மறைக்க வேண்டுவதில்லை. எதிருரை ஒருபுறம் இல்லையாயின் இம்மறுப்பின் நுட்பமும் புலப்படாது.

இத்தகைய வழக்குச் சைவத்திற்கே உரியதன்று. யூத சமயத்தாரிடை வழங்கும் கப்பாலா என்னும் மறைஞான மரபிலும் இது காணப்படும். எல்லையற்ற இறைவன் உலகிற்கு இடமளிக்கத் தன்னைச் சுருக்கினான் என்று சாபத் நகரில் ஈசாக்கு லூரியா போதித்தார். 1572-இல் மறைந்த அவர் தாமே எழுதிவைத்தது மிகச் சிறிது. மாணாக்கர் வித்தால் முதலியோர் எழுத்தாலேயே அப்போதனை பரவிற்று. பின்வந்தோருள் ஒருசாரார் அச்சுருக்கத்தை உள்ளவாறே கொண்டனர், ஒருசாரார் உருவகமென்றனர். ஆசிரியன் வாய்மொழி ஒன்றாயினும், கேட்போர் தலைமுறைதோறும் புதிய வினாவோடு வருகின்றனர்.

இக்காலத்துச் சித்தாந்தச் சுருக்க நூல்கள் பலவற்றின் குறை ஈண்டே விளங்கும். பதி இத்தகையது, பசு இத்தகையது, பாசம் இத்தகையது என முடிபுகளை மட்டும் அடுக்கி, அம்முடிபுகள் எத்தடைக்கு விடையாய் எழுந்தன என்பதை அவை விடுத்துவிடுகின்றன. அறுவர் உரையுள் ஒன்றையே எடுத்துச் சித்தியாரின் பொருள் இதுவே என்பாரும் உளர். ஏனைய ஐவர் பெயரும் அந்நூல்களிற் காணப்படா. கற்பார் பொருட்டுச் சுருக்கினோம் என்பது அவர் கூறும் சமாதானம். முனிவரும் போதத்திற்குப் பேருரையோடு சிற்றுரையும் செய்தவரே. சிற்றுரையிலும் அவர் சூத்திரத்தின் சொல்லைக் கைவிட்டிலர்.