பக்ஷபாதத்தை அறியப் பயில்வித்தல்: இலங்கையும் கல்வராயன் மலையும்

பொய்யொன்றும் எழுதாமலே செய்தியில் பக்ஷபாதம் புகக்கூடும் என்பதற்கு, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் 60க்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட விஷச் சாராயச் சம்பவமே தக்க சான்று. மாண்டவர் அருந்தியது, ஆலைகளுக்குரிய மெத்தனால் கலந்த சாராயம். ஆயினும் அச்செய்தியைத் தொடர்ந்து, போலீஸார் அம்மாவட்டத்துக் கல்வராயன் மலையேறிச் சாராய ஊறல்களை அழித்த செய்திகளும் வரவே, மரவள்ளியும் சாமையும் பயிரிட்டுப் பிழைக்கும் மலையாளிப் பழங்குடியினர் யாவருமே அம்மரணங்களுக்குப் பொறுப்பாளிகள் என்ற அபிப்பிராயம், எந்த வாக்கியமும் அவ்வாறு சொல்லாமலே, வாசகர் மனத்தில் படிவதற்கு ஏதுவாயிற்று. மலையில் ஊறல் போடுவாரே இல்லையென்று நான் வாதிக்கவில்லை. சிலர் செய்ததை ஒரு ஜாதியின் சுபாவமாக்குவதையே ஆக்ஷேபிக்கிறேன்.

இத்தகைய பக்ஷபாதத்தைக் கண்டறிய மாணாக்கரைப் பழக்குவது எப்படி? இலங்கையில் 'தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்' என்பது பரீட்சைக்குரிய பாடமாகவே உள்ளது. அங்கே ஆசிரியருக்கு வருந்தத்தக்க ஒரு சௌகரியமும் உண்டு: ஒரே சம்பவத்தைச் சிங்களப் பத்திரிகை ஒருவிதமாகவும் தமிழ்ப் பத்திரிகை வேறுவிதமாகவும் எழுதுவது யுத்தகாலம் முதலே வழக்கமாதலால், இரண்டையும் அருகருகே வைத்தாலே சாய்வு புலப்பட்டுவிடும். 2019 மே மாதத்தில், குருநாகலில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று சிங்களத் தினசரி ஒன்று முதற்பக்கத்தில் வெளியிட்டதையும், கைதான அவர் பின்னர் மீண்டும் பணியில் அமர்த்தப்பட்டதையும் எடுத்துக்கொண்டு, 'இதைச் சொன்னவர் யார், எந்த மருத்துவப் பதிவு ஆதாரம்?' என்று மாணாக்கரை வினவச் செய்தால், அதுவே பல வாரப் பாடமாகும்.

நம் நாட்டிலும் தேசியப் பாடத்திட்டத்தின் 7ஆம் வகுப்பு நூலொன்று, மாசுபடுத்தும் ஆலைகளை மூடியது குறித்த இரு கற்பனைச் செய்திகளைத் தந்து ஒப்பிடச் சொன்னது. நல்ல பயிற்சிதான், எனினும் கள்ளக்குறிச்சியில் அது பலிக்காது. மலைச்செய்தி பெரும்பாலும் போலீஸார் தரும் குறிப்பிலிருந்தே பிறப்பதால், நான்கு பத்திரிகைகளை ஒப்பிட்டாலும் நான்கும் ஒன்றையே சொல்லும். அவ்வொற்றுமையைச் சத்தியமென்று மாணவன் மயங்குவான். இலங்கையில் முரண்பாட்டைக் கண்டுபிடிப்பது பாடமானால், இங்கே விடுபட்டவரைக் கண்டுபிடிப்பதே பாடமாக வேண்டும். சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜூலையில் கல்வராயன் மலைமக்களின் நிலைமை குறித்துத் தானாகவே வழக்கெடுத்துச் சாலை முதலிய வசதிகளை விசாரித்ததே, அந்த ஒரு விவரத்தை ஊறல் செய்தியில் சேர்த்துப் பாருங்கள்; செய்தியின் முகமே மாறிவிடும்.

ஜாதியை இழிவு தோன்றச் சுட்டுதல் கூடாதென்று இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் நெறிமுறை கூறுகிறது. ஆகவே, கல்வராயன் மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியர்கள், அடுத்த ஊறல் செய்தி வரும்போது அதை மாணாக்கரைக் கொண்டே திருத்தி எழுதுவித்து, வெளியிட்ட பத்திரிகையின் ஆசிரியருக்குத் தபாலில் அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.