இரு கைகளில் ஒரு போர்க்களம்: தோற்பாவைக்கூத்தில் போர்க்காட்சித் தெரிவுகள்

முன்னுரை

அசைவூட்டப் படத்தின் முன்வடிவமாகத் தோற்பாவைக்கூத்தைச் சுட்டுவது வழக்கம். அச்சுட்டுதல் பெரும்பாலும் ஒப்புமையோடு நின்றுவிடுகிறது. திரைக்குப் பின்னால் எவை தேர்ந்துகொள்ளப்படுகின்றன, எவை விடப்படுகின்றன என்ற வினாவே கலையின் இயல்பைக் காட்டும். அவ்வினாவை இராமாயணப் போர்க்காட்சிகளை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. தஞ்சை மராத்தியர் ஆட்சிக்காலத்தில் இக்கலை தமிழகத்தில் வேரூன்றியது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மராத்தியை வீட்டுமொழியாகக் கொண்ட மண்டிகர் பிரிவினர் இதனைப் பரம்பரையாக நிகழ்த்தி வருகின்றனர்.

வரம்பும் தெரிவும்

பதப்படுத்திய ஆட்டுத்தோலை வெட்டி, துளையிட்டு, வண்ணம் தீட்டிப் பாவைகள் செய்யப்படுகின்றன. ஆர்மோனியமும் மிருதங்கமும் துணைநிற்க, ஒருவரே பாவைகளை ஆட்டி எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் தருகிறார். அவருக்கு இருப்பவை இரண்டு கைகள். ஆகவே இரு படைகளின் போர், திரையில் இருவர் மோதலாகச் சுருங்குகிறது. படையின் பெருக்கத்தைத் தாள முழக்கமும் குரலும் ஏற்கின்றன. கண்ணுக்குக் காட்ட இயலாதது செவிக்கு மாற்றப்படுகிறது.

ஒரே பாத்திரத்திற்கு வெவ்வேறு நிலைகளில் அமைந்த பல பாவைகள் உண்டு. ஒன்றை விலக்கி மற்றொன்றை நிறுத்துவது திரைப்படப் படத்தொகுப்பை ஒத்த செயல். திரையோடு ஒட்டிய பாவை தெளிவாகத் தெரியும்; சற்று விலக்கினால் உருவம் பெருகி மங்கும். அண்மை, சேய்மை ஆகியவை இங்குக் கருவியால் அல்லாமல் கையசைவால் உருவாகின்றன.

ஒப்பீடு

செருமானியக் கலைஞர் லொட்டே ரைனிகர் 1926இல் வெளியிட்ட ‘இளவரசர் அக்மதின் சாகசங்கள்’ படத்தில், வெட்டிய நிழலுருக்களைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படம்பிடித்தார். முகபாவம் காட்டாத உருவத்திற்கு உடலின் சாய்வே உணர்வாயிற்று. 2014இல் வெளிவந்த ‘கோச்சடையான்’ நடிகரின் அசைவைப் பதிவுசெய்து கணினி உருவத்திற்கு ஏற்றியது. மனித முகத்தை ஒத்திருக்க முயன்றதால், ஒவ்வாத சிறு அசைவும் அதில் குறையாகத் தெரிந்தது. தோற்பாவை அத்தகைய ஒப்புமையைக் கோருவதில்லை. எனவே பார்வையாளர் அதன் விறைப்பைப் பிழையாகக் கொள்வதில்லை. சிறு பொருளில் போர்க்கதையை அசைவூட்ட முனையும் தொடக்கநிலைப் படைப்பாளிக்கு இவ்வேறுபாடு பயனுடையது.

எனினும், வறுமையால் நேர்ந்த ஒவ்வொரு குறையையும் அழகியல் என்று போற்றுவது தவறு. உதவியாளருக்குக் கூலி தர இயலாமையும் கலைத்தெரிவும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் பிரித்தறிவது திறனாய்வின் கடமை.

முடிவுரை

அருங்காட்சியகத்தில் தொங்கும் பாவை ஓர் ஓவியமாக மட்டுமே எஞ்சுகிறது. எந்தப் பாவை எப்போது எடுக்கப்பட்டது, எத்தனை தொலைவில் நிறுத்தப்பட்டது, எவ்விடத்தில் தாளம் நின்றது என்பவை ஆட்டுபவரின் நினைவில் உள்ளன. எனவே களஆய்வாளர் ஒளிப்பதிவுக் கருவியைத் திரையின் முன் மட்டுமின்றிப் பின்னும் நிறுத்த வேண்டும். அப்பதிவு இல்லையேல் தோல் காக்கப்படும், கூத்து காக்கப்படாது.